நாக்கு ஓரத்துல ஒரு தழும்பு: கேஸ் டேங்கர் டிரைவர் ஒருத்தரோட மெடிக்கல் சர்டிபிகேட் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

மொதல்லயே சொல்லிடறேன், நான் நாமக்கல் பக்கம் சின்னதா கிளினிக் வச்சிருக்கற பொது டாக்டர், நரம்பு டாக்டரும் இல்ல மனநல டாக்டரும் இல்ல. இதுல வர்றவர்கிட்டயும் அவர் வீட்டம்மாகிட்டயும் கேட்டு அவங்க சரின்னு சொன்னப்புறம்தான் எழுதறேன். ஆள் தெரியக்கூடாதுன்னு வயசு, தேதி, குடும்ப விவரம் கொஞ்சம் மாத்தியிருக்கேன், நடந்தது நடந்தபடிதான் இருக்கு. இதுல தப்பு பண்ணவங்கள வரிசையா நிக்க வச்சா நான்தான் மொத ஆளா நிக்கணும், அதையும் மறைக்காம எழுதியிருக்கேன்.

பின்னணி

எங்க ஊர்ப் பக்கம் தெருவுக்கு நாலு வீட்லயாச்சும் லாரி பொழப்புதான். பாடி கட்டற பட்டறை, டயர் கடை, பெயிண்ட் கடை, தென்னிந்தியா பூரா ஓடற கேஸ் டேங்கர்ல பெரும்பங்கு இங்கிருந்துதான் போகுது, திருச்செங்கோட்டுப் பக்கம் போனா போர் போடற ரிக் வண்டி. அதனால இங்க டாக்டரா இருந்தா காய்ச்சல் சளிக்கு அடுத்தபடியா அதிகமா கையெழுத்துப் போடறது ஃபார்ம் 1ஏ-லதான்.

ஃபார்ம் 1ஏ தெரியாதவங்களுக்காக: லாரி, பஸ், டாக்ஸி ஓட்டறதுக்கு லைசென்ஸ் எடுக்கவும் புதுப்பிக்கவும் டாக்டர் சர்டிபிகேட் வேணும், 1989 மத்திய மோட்டார் வாகன விதியில வர்ற படிவம் அது. கண்ணு, கலர் தெரியுதா, காது, கை காலு இதெல்லாம் கேட்டுட்டு நடுவுல ஒரே ஒரு வரி வரும், உங்க அறிவுக்கு எட்டின வரைக்கும் இவருக்கு வலிப்பு, தலைசுத்தல், இல்ல ஓட்டற திறமைய பாதிக்கற மாதிரி மனநோய் ஏதாச்சும் இருக்கான்னு. நரம்பு, மனசு ரெண்டும் அந்த ஒரு வரியிலயே முடிஞ்சுரும். இது போக டிரைவரே கையெழுத்துப் போட்டுக் குடுக்கற ஃபார்ம் 1-லயும் வலிப்போ திடீர்னு நெனவு தப்பறதோ உண்டான்னு கேப்பாங்க, உண்டுன்னு எழுதிட்டு லைசென்ஸ் வாங்கப் போன ஆள இத்தன வருஷத்துல நான் பாத்ததில்ல.

2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் சாதா லாரி லைசென்ஸ் 5 வருஷம் செல்லும், கேஸ் பெட்ரோல் மாதிரி ஆபத்தான லோடு ஏத்தறவங்களுக்கு 3 வருஷம். நம்மாளு இந்த ரெண்டாவது வகை. 42 வயசு, பத்தாவது வரைக்கும் படிப்பு, பதினேழு வயசுல கிளீனரா ஏறினவர், கடைசி 11 வருஷமா ஒரே ஓனர்கிட்ட 18 டன் கேஸ் டேங்கர். மங்களூர்ல லோடு எடுத்துட்டு வர்ற லைன். பொண்டாட்டி, ரெண்டு பொண்ணு, கட்டி முடிக்காத வீடு ஒண்ணு.

2021: நான் கையெழுத்துப் போட்ட விதம்

டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருத்தர் ஆறேழு பேரக் கூட்டிட்டு வந்தார், அதுல இவரும் ஒருத்தர். எல்லாரும் ஒரே ரூம்ல நிக்கறாங்க. கண் சார்ட் படிக்க வச்சேன், கலர் புக் காமிச்சேன், பிரஷர் பாத்தேன். அந்த வரி வந்ததும் தலையத் தூக்காமலே "வலிப்பு கிலிப்பு ஏதாச்சும் இருக்கா"ன்னு கேட்டேன், "இல்லீங்க"ன்னார், இல்லன்னு எழுதிட்டேன். மொத்தம் மூணு நிமிஷம் இருக்கும். கூட வேலை செய்யற அஞ்சு பேர் முன்னாடி நிக்க வச்சுக்கிட்டு கேக்கற கேள்வியா அது, "கிலிப்பு"ன்னு சேத்து சொல்றப்பவே இல்லன்னு சொல்லுன்னு நானே எடுத்துக் குடுத்த மாதிரிதான். இதெல்லாம் இப்ப தோணுது.

பின்னாடி வீட்டம்மா சொன்னதுல தெரிஞ்சது, அப்பவே அவருக்கு வருஷத்துக்கு ரெண்டு மூணு தரம் தூக்கத்துல இழுத்துட்டு இருந்திருக்கு.

2024 ஆகஸ்ட்: கவனிச்சது

மூணு வருஷம் கழிச்சு மறுபடி வந்தார், இந்தத் தடவை தனியா. வாய்ப்புண்ணுக்கும் ஒரு மருந்து எழுதிக் குடுங்கன்னு கேட்டதால நாக்க நீட்டச் சொன்னேன். இடது ஓரத்துல பல்லு பதிஞ்ச மாதிரி ஆறின தழும்பு, அதுக்குப் பக்கத்துலயே புதுசா ஒரு வெட்டு. சாப்பிடறப்ப கடிச்சுக்கறதும் உண்டுதான், ஆனா அது பெரும்பாலும் நுனியிலயோ முன்பக்கமோ இருக்கும். ஒரே ஓரத்துல பழசும் புதுசுமா ஆழமா இருந்தா மொதல்ல வலிப்ப நெனச்சுப் பாக்கணும், சும்மா மயக்கம் போட்டு விழறவங்களுக்கு நாக்கு ஓரம் இப்படி கடிபடறது ரொம்பக் குறைவு.

கேட்டேன். "லோடு வண்டியில தூங்கறப்ப குலுக்கல்ல கடிச்சுக்குவனுங்க." காலைல எந்திரிக்கறப்ப உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி இருக்குமா? "டிரைவருக்கு அது எந்நாளும் இருக்கறதுங்களே." குடி? எப்பவாச்சும், வீட்ல இருக்கற நாள்ல. சுகர் இல்ல, குறட்டை உண்டு, பகல்ல தூக்கம் தள்ளாதாம். எல்லாக் கேள்விக்கும் பதில் வச்சிருந்தார். கொஞ்சம் அதிகமாவே தயாரா இருந்த மாதிரி எனக்குப் பட்டுச்சு.

அன்னைக்கு நான் கையெழுத்துப் போடல. நாளைக்கு வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்க, தூக்கத்துல என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது, பக்கத்துல படுக்கறவங்களுக்குத்தான் தெரியும், அவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேட்டுட்டு போட்டுத் தர்றேன்னு சொன்னேன். சரிங்கன்னுட்டுப் போனார், வரல. அன்னைக்கு சாயங்காலமே வேற ஒரு டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டார், லைசென்ஸும் 2027 வரைக்கும் புதுசாயிடுச்சு. அந்த டாக்டரக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல, 2021-ல நான் பண்ணதத்தான் அவரும் பண்ணிருக்கார்.

இங்க நான் பண்ண இன்னொரு தப்பு, அவர் வரலன்னு தெரிஞ்சும் நான் போன் பண்ணல. நம்பர் ரெஜிஸ்டர்ல இருந்துச்சு. கையெழுத்து போடாததோட என் கடமை முடிஞ்சுதுன்னு விட்டுட்டேன்.

வாளையார் டீக்கடை

அஞ்சு வாரம் கழிச்சு. மங்களூர்ல லோடு ஏத்திட்டு கண்ணூர், கோழிக்கோடு, பாலக்காடு வழியா திரும்பறாங்க. ராத்திரி பூரா இவர்தான் ஓட்டியிருக்கார். விடியக்காலம் வாளையாருக்கு கொஞ்சம் முன்னாடி வண்டிய ஓரங்கட்டி டீ குடிக்க எறங்கியிருக்காங்க. கூட இருந்த மாத்து டிரைவர் சின்னப் பையன், 26 வயசு. அவன் என்கிட்ட சொன்னத அப்படியே எழுதறேன்:

"அண்ணன் கையில டீ கிளாஸ் இருக்குதுங்க, பேசிட்டே இருந்தவரு பாதியில நிறுத்திட்டாரு. வாய மட்டும் எதையோ சப்பற மாதிரி சப்பிட்டே இருக்காரு. கிளாஸ் மெதுவா சாயுது, சூடு டீ அவரு கையிலயும் தொடையிலயும் ஊத்துதுங்க, அவரு உதறவே இல்ல. அண்ணா அண்ணாங்கறேன், என்னயப் பாக்கறாரு ஆனா பாக்கலீங்க. இன்னொரு கையில சட்டைப் பட்டன நோண்டிட்டே இருக்காரு. ஒரு ரெண்டு நிமிசம் இருக்குமுங்க. அப்புறம் டீ சொல்லலியாடாங்கறாரு."

வலிப்புன்னா கீழ விழுந்து வெட்டி வெட்டி இழுக்கணும், வாயில நுரை தள்ளணும்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க. இது அந்த வகை இல்ல, மூளைல ஒரு பக்கத்துல மட்டும் கிளம்பி நெனவ மறைக்கற வலிப்பு. ஆள் கண்ணு தொறந்தபடி உக்காந்திருப்பார், பாத்தா ஏதோ யோசனைல இருக்கற மாதிரி இருக்கும், ஸ்டியரிங் பிடிச்சிருந்தா பிடிச்சபடியே இருப்பார். ரெண்டு நிமிஷத்துல 60 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி ரெண்டு கிலோமீட்டர் போயிரும்.

அந்தப் பையன் சாவிய வாங்கிட்டு மீதி தூரம் அவனே ஓட்டிட்டு வந்துட்டான். ஓனர்கிட்ட சொல்லல, அண்ணன் பொழப்புல மண்ணு போட்டவன்னு பேராயிரும்னு பயம். ரெண்டு நாள் தூங்காம இருந்துட்டு வீட்டம்மாகிட்ட சொல்லியிருக்கான். அந்த லைன்ல ஓடறவங்க யாருக்கும் 2012 ஆகஸ்ட்ல கண்ணூர் பக்கத்துல சாலாங்கற ஊர்ல டேங்கர் கவுந்து கேஸ் கசிஞ்சு தீப்பிடிச்சு 20 பேர் செத்தத யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. அந்த எடத்தத் தாண்டித்தான் ஒவ்வொரு நடையும் போறாங்க. அந்த விபத்துக்கும் வலிப்புக்கும் சம்பந்தம் இல்ல, பையனுக்கு ஏன் தூக்கம் வரலன்னு புரியறதுக்காக சொல்றேன்.

மறுநாள் அந்தம்மா வந்தாங்க. பையில ஒரு தலகாணி உறை. துவைச்சும் போகாத எச்சில் கறை, அதுல பழுப்பா ரத்தம். "இதுக்கு முன்னாடி நாலஞ்சு உறைய தூக்கிப் போட்டுட்டனுங்க டாக்டர், மாமியாரு பாத்தா பேய் அடிச்சிருக்குன்னு கோயிலுக்கு இழுத்துட்டுப் போயிருவாங்கன்னு." ஆறு வருஷமா இருக்காம். இழுக்கறப்ப என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். இரும்பு குடுத்தா நிக்கும்பாங்கல்லங்க, வேற எதுவும் கைக்கு சிக்காது, அவரோட லாரி சாவியத்தான் கையில திணிப்பேன்னாங்க.

எடுத்த முடிவுகளும் அதுக்கான காரணமும்

எனக்கு முன்னாடி மூணு வழி இருந்துச்சு. ஆர்டிஓ-வுக்கு எழுதிப் போட்டுடறது. ஓனருக்கு போன் போடறது. அவரயே எறங்க வைக்கறது.

நம்ம நாட்ல வலிப்பு இருக்கற டிரைவரப் பத்தி டாக்டர் கட்டாயம் தெரிவிக்கணும்னு சட்டம் எதுவும் இல்ல. லைசென்ஸ் குடுத்த அதிகாரி நோய் காரணமா அத ரத்து பண்ண 1988 மோட்டார் வாகனச் சட்டம் 16-வது பிரிவுல எடம் இருக்கு, ஆனா அவருக்குத் தெரிஞ்சாத்தானே. இன்னொரு பக்கம் நோயாளி ரகசியம். 2002 மெடிக்கல் கவுன்சில் ஒழுங்குமுறை விதியில, குறிப்பிட்ட ஒருத்தருக்கோ சமூகத்துக்கோ பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரிஞ்சா ரகசியத்த வெளிய சொல்லலாம்னு இருக்கு. 18 டன் கேஸ் அந்த வகையில வரும்ங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல. அதே விதியில பொய் சர்டிபிகேட் குடுத்தா ரெஜிஸ்டர்ல இருந்து பேர எடுக்கலாம்னும் இருக்கு.

இருந்தாலும் எடுத்தவுடனே ஆர்டிஓ-வுக்கு எழுதல. காரணம் ரெண்டு. கடுதாசி போய்ச் சேந்து, நோட்டீஸ் வந்து, விசாரிச்சு முடிக்க எத்தன நாளாகும்னு தெரியாது, அதுவரைக்கும் வண்டி ஓடும். ரெண்டாவது, டாக்டர்கிட்ட சொன்னா லைசென்ஸ் போயிரும்னு ஸ்டாண்டுல ஒரு பேச்சு பரவிட்டா அதுக்கப்புறம் எந்த டிரைவரும் எந்த டாக்டர்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டான், மாத்திரை சாப்பிடாமலே ஓட்டுவான். இது சரியான முடிவான்னு எங்க சீனியர் ஒருத்தர்கிட்ட கேட்டேன், அவர் ஒத்துக்கல, அன்னைக்கே எழுதிருக்கணும்னார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

நான் செஞ்சது இது. அன்னைக்கு அடுத்த நடைக்கு இன்னும் மூணு நாள் இருந்துச்சு, அத அந்தம்மாகிட்ட உறுதிப்படுத்திக்கிட்டேன். ஆர்டிஓ-வுக்கு ஒரு கடுதாசி எழுதி கையெழுத்துப் போட்டு டிராயர்ல வச்சேன். சாயங்காலம் அவர வரச் சொல்லி, வீட்டம்மா, அந்தப் பையன் ரெண்டு பேரும் பக்கத்துல இருக்க, கடுதாசிய எடுத்து அவர் கையிலயே குடுத்துப் படிக்கச் சொன்னேன். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள நீங்களே ஓனர்கிட்ட சாவியக் குடுத்துட்டா இது டிராயர்லயே இருக்கும், இல்லன்னா அனுப்பிருவேன், உங்களுக்குத் தெரியாம எதையும் பண்ண மாட்டேன்னேன்.

கோவம் வரும்னு எதிர்பாத்தேன். அவர் அந்தப் பையனப் பாத்து, "டீ ஊத்துனது எனக்குத் தெரியவே தெரியாதாடா?"ன்னு மட்டும் கேட்டார். தொடையில கொப்புளம் இருந்தத அதுவரைக்கும் இஞ்சின் சூடுன்னு நெனச்சுட்டிருந்திருக்கார். தூக்கத்துல வர்றது மட்டும்தான் நோய், முழிச்சிருக்கறப்ப தான் நல்லாத்தான் இருக்கோம்னு அத்தன வருஷம் நம்பியிருந்தார். நாம பொய் சொல்றார்னு நெனச்சதுல பாதி பொய்யே இல்ல.

மறுநாள் காலைல ஓனரே போன் பண்ணார், சாவி வந்துருச்சுன்னு.

டெஸ்ட்ல தெரிஞ்சது

சுகர், சோடியம், ஈசிஜி எல்லாம் சரியா இருந்துச்சு. சேலத்துல நரம்பு டாக்டர் பாத்தார். மூளை அலையப் பாக்கற ஈஈஜி டெஸ்ட் மொத தரம் நார்மல். இந்த எடத்துல நெறைய பேர் ஏமாந்துருவாங்க, ஈஈஜி நார்மல்னா வலிப்பு இல்லன்னு அர்த்தம் கிடையாது, அந்த அரை மணி நேரத்துல மூளை அமைதியா இருந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். ராத்திரி தூங்க விடாம வச்சு ரெண்டாவது தரம் எடுத்தப்ப இடது பொட்டுப் பக்கம் அலை மாறி வந்துச்சு. ஸ்கேன்ல அதே எடத்துல மிளகு சைஸ்ல சுண்ணாம்பு படிஞ்ச ஒரு புள்ளி. எப்பவோ மூளைல போய் உக்காந்து செத்துப் போன நாடாப்புழுக் குஞ்சு (லார்வா) விட்டுட்டுப் போன தழும்பு அது.

"நாங்க பன்னிக்கறி தொட்டதே இல்லீங்களே"ன்னாங்க வீட்டம்மா. தொட வேண்டியதே இல்ல. புழு இருக்கற ஆளோட மலத்துல வர்ற முட்டை தண்ணி, பச்சைக் காய்கறி, கழுவாத கை வழியா வயித்துக்குப் போனா போதும், சுத்த சைவக்காரங்களுக்கும் வருது. ரோட்டுக்கடைல வெங்காயம் வெள்ளரிக்கா கடிச்சுக்கிட்டு இருபத்தஞ்சு வருஷம் சாப்பிட்ட ஆளுக்கு எங்க வந்துச்சுன்னு எப்படித் தேடறது. புழு செத்தாச்சு, புழு மருந்து தேவையில்ல, தழும்பு போகாது, வலிப்பு மாத்திரை பல வருஷம் சாப்பிடணும். ராத்தூக்கம் கெட்டா வலிப்பு சுலபமா வரும்னும் நரம்பு டாக்டர் சொன்னார். மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டம் 1961-லயே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலைன்னு எழுதி வச்சிருந்தாங்க, லைன் வண்டிக்காரங்ககிட்ட சொன்னா சிரிப்பாங்க.

மறுபடி எப்ப ஓட்டலாம்னு அவர் கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்ல நம்ம சட்டத்துல கணக்கு இல்ல. இத்தன வருஷம் வலிப்பு இல்லன்னா ஓட்டலாம்னு எங்கயும் போடல, வலிப்பு உண்டா இல்லையா அவ்வளவுதான். பிரிட்டன்ல கார் ஓட்ட ஒரு வருஷம் வலிப்பு வராம இருந்தா போதும், லாரின்னா மாத்திரை இல்லாமலே 10 வருஷம் வராம இருக்கணும். அமெரிக்காவுல மாநிலம் விட்டு மாநிலம் போற லாரிக்கு வலிப்பு நோய் இருந்தா அனுமதி இல்ல, 8 வருஷம் வராம இருந்தா விலக்கு கேட்டு மனுப் போடலாம். ரெண்டையும் சொன்னேன். டேங்கர் இனிமே இல்லைங்கன்னு சொல்லிட்டேன். பைக்கும் கூடாதுன்னேன், ஃபார்ம் 1-ல அந்தக் கேள்வி எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான்.

மாத்திரையும் மனசும்

லெவெடிராசிடாம் ஆரம்பிச்சாங்க, ரெண்டு வேளை. வலிப்பு டக்குனு நின்னுச்சு. ஒரு மாசம் கழிச்சு வீட்டம்மா மட்டும் வந்தாங்க. "தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறாருங்க. சின்னவள அடிச்சுட்டாரு, பொறந்ததுல இருந்து அவ மேல கை வச்சதில்ல. அப்புறம் அவரே உக்காந்து அழுவறாரு." நான் மொதல்ல நெனச்சது, வேலை போன கடுப்புன்னு. அந்த மாத்திரை சில பேருக்கு கோவத்தையும் மனச்சோர்வையும் கொண்டு வரும்னு படிச்சது எனக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் மண்டைல உறைச்சுது. ரெண்டுமே காரணமா இருந்திருக்கலாம், ஆனா மாத்திரையக் கவனிக்க ஒரு வாரம் லேட்டு பண்ணது என் தப்பு.

அவர வரவழைச்சு தனியா பேசினேன். தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல, ஆளுங்க முகத்தப் பாக்கப் புடிக்கல. நேராவே கேட்டேன், செத்துரலாம்னு தோணுதான்னு. ரொம்ப நேரம் பேசல. "இன்சூரன்ஸ் பணமாச்சும் இதுங்களுக்கு வருமில்லீங்க"ன்னார். இந்தக் கேள்வியக் கேட்டா இல்லாத நெனப்ப நாமளே உண்டாக்கிருவோமோன்னு பல டாக்டருங்களுக்கே பயம், அப்படி இல்ல, யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு அவர் காத்துட்டு இருந்த மாதிரிதான் இருந்துச்சு.

அன்னைக்கே நரம்பு டாக்டர்கிட்ட போன்ல பேசி மாத்திரைய மாத்த ஏற்பாடு பண்ணேன். வலிப்பு மாத்திரைய பட்டுனு நிறுத்தக்கூடாது, அதனால கார்பமசிபைன ஏத்திக்கிட்டே பழச படிப்படியா குறைச்சாங்க. வீட்ல இருக்கற எல்லா மாத்திரையும் அந்தம்மா கையில, வேளைக்கு வேளை எடுத்துத் தர்ற மாதிரி. மறுநாளே மனநல டாக்டர்கிட்ட போனாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு மனசு தாங்கலன்னா யார்கிட்ட பேசறதுன்னு டெலி மானஸ் 14416 நம்பர அவர் போன்லயும் வீட்டம்மா போன்லயும் நானே பதிஞ்சு குடுத்தேன், 104-ம் உண்டு.

மனநல டாக்டர்கிட்ட போகவே மாட்டேன்னு ஆரம்பத்துல நின்னார். காரணம் அதே ஃபார்ம் 1ஏ. "வலிப்புன்னு ஒண்ணு எழுதுனீங்க, இனி பைத்தியம்னும் எழுதிருவீங்களா?" இத இங்க தெளிவா சொல்லணும். அந்த ஃபார்ம் கேக்கறது ஓட்டற திறமைய பாதிக்கற மனநோய் இருக்கான்னு, மனநல டாக்டரப் பாத்திருக்கியான்னு இல்ல. மனச்சோர்வுக்கு வைத்தியம் எடுத்து நல்லா இருக்கறவர் லாரி ஓட்டத் தகுதி இல்லாதவர்னு எங்கயும் கிடையாது. பாக்க வேண்டியது கவனம் நிக்குதா, மாத்திரை தூக்கத்தக் குடுக்குதா, தன்னையோ அடுத்தவங்களையோ காயப்படுத்தற நெனப்பு இருக்கா, இதெல்லாம்தான். வைத்தியம் எடுக்காம மனசொடிஞ்சு போய் ஸ்டியரிங் பிடிக்கற ஆளுதான் பயமே. இத ரெண்டு தரம் சொன்னப்புறம்தான் போனார்.

ஆறு வாரத்துல முகம் மாறிடுச்சு. சின்னப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டாராம், அது வீட்டம்மா சொன்னது.

வேலை

மாத்திரை மாத்தினதுக்கு எவ்வளவு பங்கோ, அதே அளவு பங்கு ஓனர் குடுத்த வேலைக்கும் இருக்குன்னு நெனைக்கறேன். 2025 ஜனவரியில ஆபீஸ் ஷெட்டுல டயர் ரெஜிஸ்டர் பாக்கற வேலை போட்டுக் குடுத்தார். எந்த டயர் எந்த வண்டியில எத்தன கிலோமீட்டர் ஓடியிருக்கு, எது ரீட்ரேடுக்குப் போகணும், அதெல்லாம். பேட்டாவோட சேத்து மாசம் 28,000 வந்த எடத்துல இப்ப 15,000. வீட்டு வேலை நின்னு போச்சு, மேல் தளம் கம்பியோட நிக்குது. வீட்டம்மா கோழிப்பண்ணைக்கு முட்டை அடுக்கப் போறாங்க. வண்டிய விட்டு எறங்குன்னு நான் சுலபமா சொல்லிட்டேன், அதுக்கான காசக் குடுத்தது அந்தக் குடும்பம். எல்லா ஓனரும் இப்படி இருக்க மாட்டாங்கன்னும் தெரியும், இதே நெலமைல இன்னொரு டிரைவர் என்கிட்ட உண்மை சொன்னா அவருக்கு நான் எந்த டயர் ரெஜிஸ்டரக் காமிப்பேன்?

கம்பம்

2025 ஏப்ரல்ல ஊர்ல மாரியம்மன் பண்டிகை. கம்பம் நட்டு ராத்திரி பூரா ஆட்டம். மூணு ராத்திரி தூக்கம் இல்ல, விரதம்னு ரெண்டு வேளை மாத்திரைய விட்டுட்டார். நாலாவது நாள் காலைல வாசல்ல விழுந்து இழுத்துருச்சு, ஊரே பாத்துச்சு. நெத்தியில மூணு தையல். இந்தத் தடவை அந்தம்மா சாவியத் தேடல, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலைக்கு அடியில துண்ட மடிச்சு வச்சு, போன்ல நேரம் பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க, ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட். அஞ்சு நிமிஷம் தாண்டினா 108-க்கு அடிக்கணும்னு சொல்லிக் குடுத்திருந்தேன்.

அன்னைக்கு வரைக்கும் அவர் மனசுல ஒரு மூலைல, இன்னும் கொஞ்ச நாள்ல மறுபடி வண்டி ஏறிரலாம்னு இருந்துச்சு. தையல் பிரிக்க வந்தப்ப, "இது ஓட்டிட்டு இருக்கறப்ப வந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டார்.

நான் மாத்திக்கிட்டது

ஃபார்ம் 1ஏ-வுக்கு இப்ப ஒரு நேரத்துல ஒருத்தர்தான் உள்ள வரணும். டிரைவிங் ஸ்கூல்காரருக்கு கோவம், பாதிக் கூட்டத்த வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறார், போகட்டும். வலிப்பு இருக்கான்னு கேக்கறதில்ல. காலைல எந்திரிக்கறப்ப தலகாணி ஈரமா, நாக்கு கடிபட்டு இருந்திருக்கா, படுக்கையில ஒண்ணுக்குப் போயிருக்கா, நடுவுல கொஞ்ச நேரம் என்ன நடந்துச்சுன்னே தெரியாமப் போயிருக்கா, கூட வர்றவங்க எதாச்சும் சொல்லியிருக்காங்களா, இப்படித்தான் கேக்கறேன். நாக்க நீட்டச் சொல்லாம கையெழுத்து கிடையாது. முடிஞ்சா வீட்டம்மாகிட்டயோ மாத்து டிரைவர்கிட்டயோ அவர் முன்னாடியே போன்ல ரெண்டு வார்த்தை. தூக்கம், மனசு பத்தி கேக்கறதுக்கு முன்னாடி, இதுக்கு வைத்தியம் எடுத்தா லைசென்ஸ் போகாதுன்னு நானே சொல்லிடறேன்.

கையெழுத்து போடாம திருப்பி அனுப்பற ஆளோட நம்பர தனி நோட்டுல எழுதி மூணாவது நாள் போன் பண்றேன். இதுவரைக்கும் அப்படி நாலு பேர். ரெண்டு பேர் எடுக்கல.

ஆர்டிஓ விஷயத்துல சீனியர் சொன்னத இன்னும் யோசிக்கறேன். ஓனர் வேலை குடுக்காம இருந்திருந்தா, அடுத்த நடைக்கு மூணு நாள் இல்லாம மூணு மணி நேரம்தான் இருந்திருந்தா, அதே முடிவ எடுத்திருக்க மாட்டேன்.

இப்போ

இத எழுதறப்ப கடைசி வலிப்பு வந்து 10 மாசம் ஆகுது. மனச்சோர்வு மாத்திரைய மனநல டாக்டர் குறைக்க ஆரம்பிச்சுட்டார். ரத்தத்துல சோடியம் மூணு மாசத்துக்கு ஒருக்கா பாக்கறோம். வீட்டம்மா டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டக் கத்துக்கிட்டாங்க, காலைல ஷெட்டுல அவர எறக்கி விட்டுட்டு பண்ணைக்குப் போறாங்க. மொத ரெண்டு வாரம் பின்னாடி உக்காந்துக்கிட்டு பிரேக் பிடி, இண்டிகேட்டர் போடுன்னு கத்திக்கிட்டே வந்தாராம்.

அந்தப் பையன்தான் இப்ப அதே டேங்கர ஓட்டறான். லைசென்ஸ் கார்டு ஓனரோட பீரோவுல இருக்கு, அதுல 2027 வரைக்கும் செல்லும்னுதான் இன்னமும் போட்டிருக்கு. என் டிராயர்ல அந்தக் கடுதாசி இருக்கு.